பத்தாம் வகுப்பைத் தாண்டி ஆடுகிற பெண்கள்

பள்ளிப் பெண்களின் பாஸ்கெட்பால் மேட்ச் நடக்கும்போது கூட்டம் பாயின்ட் போடுகிற பெண்ணையே பார்க்கும். கைதட்டலும் அவளுக்குத்தான். நான் தேடுவது இன்னொருத்தியை. எதிரணிப் பெண் ஷாட்டுக்குக் கையைத் தூக்கியதுமே பந்தைப் பார்க்காமல் சட்டென்று திரும்பி, முதுகால் ஆளை மறித்து, முழங்காலைத் தாழ்த்தி ரிங்குக்குக் கீழே நிற்பாள் ஒருத்தி. பந்து ரிங்கில் பட்டு எகிறும்போது அவளுக்கு முன்னால் ஒரு முழம் இடம் காலியாக இருக்கும். அந்த ஒரு முழத்தை அவள் உடம்பால் உண்டாக்கி வைத்திருக்கிறாள். ‘பாக்ஸ் அவுட்’ என்று கோச்சுகள் தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான். ஸ்கோர் ஷீட்டில் இந்த வேலைக்கென்று ஒரு கட்டம் கிடையாது. பதினான்கு, பதினைந்து வயதில் யாரும் கத்தாமலே இதைச் செய்கிற பெண்ணைக் கண்டால் அவள் பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். உயரம் பிறவியில் வருவது. ஷாட் பழகப் பழக வரும். பந்து எங்கே விழும் என்கிற கணக்கும், அந்த இடத்துக்காக முட்டி நிற்கிற துணிவும் அப்படி எளிதில் வந்துவிடாது.

அப்படிப்பட்ட பெண்கள் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பிறக்காமல் இல்லை. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ கண்ணில் படுகிறார்கள். பிளஸ் டூ முடிகிறபோது அவர்களில் எத்தனை பேர் கோர்ட்டில் மிஞ்சுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரை. அமரவிளை, உதியன்குளங்கரை தாண்டினால் பாறசாலை. அங்கிருந்து இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குள் கால் வைத்தால் தமிழ்நாடு. ரப்பரும் மரச்சீனியும் தென்னையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பல வீடுகளில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று விழுந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

அந்தக் கோடு இன்று ஒரு பள்ளிச் சிறுமியின் ஆட்டத்தையும் இரண்டாக வகுக்கிறது. பாறசாலையில் படிக்கிற பெண் பாறசாலை உபஜில்லாவில் ஆட ஆரம்பிப்பாள். நெய்யாற்றின்கரை கல்வி மாவட்டத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், காட்டாக்கடை என்று உபஜில்லாக்கள் இருக்கின்றன. அங்கே ஜெயித்தால் திருவனந்தபுரம் மாவட்டம், பிறகு கேரள மாநிலம். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். அவளுடைய சித்தி மகள் களியக்காவிளையில் இருந்தால் அவளுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், முதலமைச்சர் கோப்பை, தமிழ்நாடு செலக்‌ஷன் என்று வேறொரு ஏணி. இரண்டு பேரும் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே வீட்டில் சாப்பிடுவார்கள். ஒரே கோர்ட்டில் ஆட வேண்டுமென்றால் இருவரும் தத்தம் மாநில அணிக்குத் தேர்வாகி நேஷனலில் சந்தித்தால்தான் உண்டு.

பாறசாலைப் பெண் ஏற வேண்டிய ஏணி உயரமானது. 2024 நவம்பரில் கொச்சியில் கேரளம் தடகளத்தையும் மற்ற விளையாட்டுகளையும் ஒரே பள்ளி மேளாவாக இணைத்து நடத்தியது. ஒட்டுமொத்த சாம்பியன் திருவனந்தபுரம் மாவட்டம். அந்த வெற்றிக்குப் பின்னால் தலைநகரின் வசதிகளும் உண்டு. ஜிம்மி ஜார்ஜ் உள்ளரங்கம் நகரத்தில். மாநில அரசின் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி நகரத்துக்கு வடக்கே மயிலத்தில். பல பிரிவுகளில் நகரத்துப் பிள்ளைகள் காலையும் மாலையும் கோச் வைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள். மாவட்டத்தின் தென்கோடியில் இருந்து போகிற பெண் அவர்களோடு பன்னிரண்டு இடங்களுக்குப் போட்டி போட வேண்டும்.

இதே தாலுகாவின் கடற்கரையில் வேறொரு கதை நடக்கிறது. பொழியூர் கால்பந்து ஊர். 2018 சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டியில் வங்காளத்தை கேரளம் பெனால்ட்டியில் வென்றபோது வெற்றியை உறுதி செய்த ஷாட்டை அடித்த சீசன் அந்த ஊர்ப் பையன். எல்லைக்கு அந்தப் பக்கம் தூத்தூரிலும் கால்பந்துதான் மூச்சு. மணல் இலவசம், பந்து ஒன்று போதும், கோல் கம்பத்துக்கு இரண்டு கல். பாஸ்கெட்பாலுக்கு அது நடக்காது. ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டரில் நிற்க வேண்டும், அதைத் தாங்குகிற போர்டும் இரும்புத் தூணும் வேண்டும், 28 மீட்டருக்கு 15 மீட்டர் சிமென்ட் தளம் வேண்டும். அதனால் இந்த ஆட்டம் எங்கே கோர்ட் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வளரும். கேரளத்தில் கன்னியர் நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் பெண்கள் பாஸ்கெட்பாலின் தாய்வீடாக இருப்பதற்குக் காரணம் இதுவே. கொரட்டி லிட்டில் ஃபிளவர் பள்ளியையும் சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியையும் தெரியாத கேரள பாஸ்கெட்பால்காரர் இருக்க மாட்டார்.

கோர்ட் இருக்கிற பள்ளியிலும் ஒரு சின்ன விஷயம் பெண்களின் ஆட்டத்தைக் கெடுக்கிறது. பந்தின் அளவு. பெண்கள் ஆட வேண்டியது ஆறாம் நம்பர் பந்து. ஆண்களின் ஏழாம் நம்பர் பந்து அதைவிடப் பெரிசு, கனமும் கூட. பள்ளியில் பந்து குறைவாக இருந்தால் பையன்களின் ஏழாம் நம்பர் பந்துதான் எல்லோருக்கும். சுற்றளவு சின்னக் கைக்கு அடங்காது, மணிக்கட்டால் சுண்டி எறிய முடியாது. அதனால் சிறுமி பந்தை மார்புக்குப் பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் தள்ளப் பழகுகிறாள். மூன்று வருஷம் அப்படித் தள்ளிய கை மாவட்ட செலக்‌ஷனில் ஆறாம் நம்பர் பந்தைப் பிடித்தால் பந்து போர்டுக்கு மேலே போகும். செலக்டர் ‘ஷாட் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிடுவார். ஆடுகிற பெண்களுக்கு இரண்டு ஆறாம் நம்பர் பந்து வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் முடியாதா?

சின்ன ஊர்ப் பெண்கள் பெரிய ஆட்டக்காரர்களாக வர முடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைக் காட்டுவேன். சோளக் காடுகள் நிறைந்த விவசாய மாநிலம். 1893இல் ஸ்மித் கல்லூரியில் சென்டா பெரன்சன் பெண்களுக்கென்று விதிகளை மாற்றி, பந்தைப் பறிக்கக் கூடாது, கோர்ட்டைப் பிரித்து ஆட வேண்டும் என்று வகுத்த காலத்திலிருந்தே பெண்களின் பாஸ்கெட்பால் உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு ஓயவில்லை. 1920களின் நடுவில் அயோவாவின் நகரத்துப் பள்ளிகள் பின்வாங்கின. சின்ன ஊர்ப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். 1925இல் தங்களுக்கென்று பெண்கள் பள்ளி விளையாட்டு அமைப்பு ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். அணிக்கு ஆறு பேர், மூவர் பாயின்ட் போட, மூவர் தடுக்க என்ற அவர்களின் தனி ஆட்டம் 1993 வரை அங்கே நின்றது. மாநிலப் போட்டி நாட்களில் ஊர் ஊராகத் தலைநகருக்குக் கிளம்பிப் போவார்கள்.

அந்த ஆட்டத்திலிருந்து வந்தவர் டெனிஸ் லாங். யூனியன்-விட்டன் என்ற சின்னஞ்சிறு ஊர்ப் பள்ளி. 1968இல் தன் பள்ளியை மாநிலச் சாம்பியன் ஆக்கினார், ஒரே மேட்ச்சில் 111 பாயின்ட் போட்டார். 1969இல் ஆண்களின் என்.பி.ஏ. டிராஃப்ட்டில் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அவர் பெயரைச் சொல்லித் தேர்ந்தெடுத்தது. லீக் தலைவர் அதைச் செல்லாது என்றார். பதினெட்டு வயதுக்கு அப்புறம் அவரைப் போன்றவர்கள் ஆட அந்த நாட்டில் அன்று இடம் மிகக் குறைவு. பெண்கள் பாஸ்கெட்பால் ஒலிம்பிக்ஸில் நுழைந்ததே 1976 மான்ட்ரியலில்தான். பள்ளி அளவில் ஒரு மாநிலமே கொண்டாடிய பெண்ணுக்கு அடுத்த படி இல்லாமல் போனது, அரை நூற்றாண்டு கழித்து நம் எல்லைக் கிராமத்துப் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதுதான் வருத்தம். ஒரு வித்தியாசம், இங்கே அடுத்த படி இருக்கிறது. அது இவள் காலுக்கு எட்டுவதில்லை.

அடுத்த படியில் ஏறியவர்களைப் பார்ப்போம். சென்னை அனிதா பால்துரை பள்ளிப் பருவத்திலேயே தேசிய அளவுக்கு வந்தவர். 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். தெற்கு ரயில்வேயில் வேலை. கல்யாணம் ஆகிக் குழந்தை பெற்று, பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று இந்தியா வென்றபோது அணியில் இருந்தார், வயது 32. 2021இல் பத்மஸ்ரீ. நம் ஊர்களில் ‘கல்யாணம் ஆயிட்டா எல்லாம் முடிஞ்சுதே’ என்று அம்மாக்கள் பெருமூச்சு விடும்போதெல்லாம் எனக்கு இவர் பெயர் சொல்லத் தோன்றும்.

கோட்டயம் மாவட்டத்து கீது அன்னா ஜோஸ் ஆறடி இரண்டு அங்குலம். சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி, பிறகு தெற்கு ரயில்வே. 2006இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடப் போனார். 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் அவரைச் சோதனைக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை, ஆனால் அந்தக் கதவை முதலில் தட்டிய இந்தியப் பெண் அவர்தான். 2014இல் அர்ஜுனா விருது. வயநாட்டிலிருந்து வந்த பி.எஸ். ஜீனா கேரள மின்வாரியத்தின் ஆட்டக்காரர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கேப்டன். அதே வருஷம் ஜனவரியில் சென்னையில் நடந்த சீனியர் நேஷனலில் ஸ்டெஃபி நிக்சனும் ஜீனாவும் ஆடிய கேரளப் பெண்கள் அணி, பல வருஷம் கோலோச்சிய ரயில்வேயைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது. வயநாட்டுக் குன்றிலிருந்து இந்தியக் கேப்டன் வர முடிகிறது, பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற பாறசாலையிலிருந்து வரவில்லை. வயநாட்டுப் பெண்ணுக்கு விடுதி, கோர்ட், அப்புறம் மின்வாரிய வேலை என்று தொடர்ச்சி கிடைத்தது.

பள்ளி வயது என்றால் 2017 அக்டோபரை நினைவுகூர வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியப் போட்டியின் பி பிரிவு பெங்களூரில் நடந்தது. இந்தியா ஜெயித்து ஏ பிரிவுக்கு ஏறியது. அந்த அணியில் தமிழ்நாட்டின் புஷ்பா செந்தில்குமார் இருந்தார், கேரளத்தின் ஆன் மேரி சக்கரியா இருந்தார், உத்தரப் பிரதேசத்தின் வைஷ்ணவி யாதவ் இருந்தார். என்னைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது இந்த அணியைத்தான். டி.வி.யில் தெரியும் யாரோ ஒரு பெரியவள் இல்லை, அன்று அவர்களுக்கும் அடுத்த மார்ச்சில் பரீட்சை இருந்தது.

பரீட்சை என்றதும்தான் விஷயத்தின் கழுத்தைப் பிடிக்கிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷன் வந்துவிடும். பிராக்டிஸ் நாலரைக்கு, டியூஷன் ஐந்துக்கு. மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். காரக்கோணத்துக்கும் வெள்ளறடைக்கும் போகிற பஸ்ஸில் யூனிஃபார்ம் பெண் தனியாக நிற்பதை வீட்டில் விரும்ப மாட்டார்கள். ‘மக்ளே, இருட்டுமுன்ன வந்திரணும்’ என்று சொல்லி அனுப்புகிற அம்மா விளையாட்டுக்கு எதிரி கிடையாது. அவளுக்கு வேண்டியது கோர்ட்டில் ஒரு விளக்கு, கூடவே ஒரு பெண் கோச், தெரிந்த ஒரு பஸ். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் எந்த அம்மாவும் மறித்து நிற்பதில்லை.

வீட்டில் பேசுவதற்கு ஆயுதமாக கேரளத்தில் கிரேஸ் மார்க் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆடி வந்தால் எஸ்.எஸ்.எல்.சி.யில் கூடுதல் மதிப்பெண். பிளஸ் ஒன், கல்லூரி இரண்டிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா. அப்புறம் ரயில்வே, மின்வாரியம், போலீஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் வைத்திருக்கிறது. ரப்பர் வெட்டுகிற அப்பாவிடம் ‘இந்தியாவுக்காக ஆடுவேன்’ என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார். ‘மார்க் கிடைக்கும், வேலை கிடைக்கும்’ என்றால் உட்கார்ந்து கேட்பார். அதில் தப்பே இல்லை. ஜீனாவும் அனிதாவும் கீதுவும் அத்தனை வருஷம் ஆட முடிந்ததே மாதச் சம்பளம் வந்ததால்தான்.

வேலையோடு ஒரு பயமும் வருகிறது, அதை மூடி மறைக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் பாட்னாவில், ரயில்வேயில் வேலை பார்த்த கேரளத்து இளம் பாஸ்கெட்பால் வீராங்கனை ஒருவர் தன் வாடகை வீட்டில் இறந்து கிடந்தார். கோச் தொந்தரவு கொடுத்ததாகக் குடும்பம் புகார் சொன்னது. கோழிக்கோட்டுப் பக்கத்து எளிய குடும்பம் அது. மகளைத் தூர ஊருக்கு அனுப்பத் தயங்குகிற எந்தத் தகப்பனையும் அதற்குப் பிறகு என்னால் குறை சொல்ல முடியாது. விடுதிக்கும் கேம்ப்புக்கும் பெண்களை அழைத்துப் போகிறவர்கள், புகார் சொன்னால் கேட்க யார் இருக்கிறார்கள் என்பதை முதல் நாளே அந்தப் பெண்ணிடமும் வீட்டிலும் பெயரோடு சொல்ல வேண்டும். கோச்சுக்கு மேலே பெண் ஒருத்தி பொறுப்பில் இல்லாத கேம்ப்புக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

நல்ல கோச் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு பெயர் சொல்லலாம். சத்தீஸ்கரின் பிலாய் உருக்காலை நகரத்தில் ராஜேஷ் பட்டேல் என்றொரு கோச் இருந்தார், 2018இல் காலமானார். புதிதாகப் பிறந்த ஒரு மாநிலத்தின் பெண்களைத் திரும்பத் திரும்ப தேசியச் சாம்பியன்களாக்கினார். ஆறடி பதினொரு அங்குலத்துக்கு வளர்ந்த கான்பூர்ப் பெண் பூனம் சதுர்வேதி பயிற்சி எடுத்ததும் அவரிடம்தான். பிலாய்க்கு ஒரு உருக்காலை இருந்தது என்பார்கள். இருந்தது. கோச் தினமும் காலையில் கோர்ட்டுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கேரளத்தில் நிலைமை இதைவிட நன்று, ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. மூன்றாம் குவார்ட்டரில் மூச்சு வாங்கி இடுப்பைப் பிடித்து நிற்கிற பெண்ணை ‘சோம்பேறி’ என்று கத்துகிற பி.டி. சார்களைப் பார்த்திருக்கிறேன். அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். இன்னொன்று முழங்கால். குதித்து இறங்கும்போது முழங்காலின் உள் தசைநார் அறுவது இந்த ஆட்டத்தில் பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சிமென்ட் தளம் அந்த அடியைத் தாங்கிக்கொடுக்காது. முழங்கால் உள்பக்கம் சாயாமல் மடக்கி இறங்கப் பழக்குகிற பத்து நிமிஷ வார்ம்-அப் இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

பாறசாலையில் தமிழ் பேசுகிற வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு சுமை கூட உண்டு. மாவட்ட கேம்ப்பில் எல்லாம் மலையாளத்தில் ஓடும். அவளுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும், ஆனால் கோர்ட்டில் கத்த வேண்டிய நேரத்தில் வாயில் வருவது வீட்டு மொழி. ‘எக்கா, பொறத்த பாரு’ என்று அவள் கத்தினால் நகரத்துப் பிள்ளைகள் திரும்பிச் சிரிப்பார்கள். சிரிப்புக்குப் பயந்து கத்தாமல் இருந்துவிட்டால் டிஃபென்ஸ் கிழிந்துபோகும், ஏனென்றால் டிஃபென்ஸ் என்பதே பாதி வாய். அந்தச் சிரிப்பை முதல் நாளே நிறுத்துகிற கோச்தான் அவளை டீமில் வைத்திருப்பார்.

இதில் அதிகாரிகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. உபஜில்லாப் பெண்களுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மேட்ச்சுகள் மிகக் குறைவு. முதல் ரவுண்டில் தோற்றால் அந்த வருஷம் அதோடு சரி. மேட்ச் ஆடாமல் எந்தப் பெண்ணும் தேற மாட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம் விளவங்கோடு தாலுகாவிலும் அதே வயதுப் பெண்கள், அதே பசியோடு இருக்கிறார்கள். மாநில அணிக்குத்தான் எல்லை, நட்பு மேட்ச்சுக்குக் கிடையாது. இரண்டு தலைமை ஆசிரியர்கள் போனில் பேசி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால் போதும். பாறசாலையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு பஸ் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே, ஆறாம் நம்பர் பந்தோடு, மத்தியானச் சாப்பாடு போட்டு நடத்தலாம். நான்கு மாதத்தில் எட்டு மேட்ச். மாவட்ட செலக்‌ஷனுக்கு எட்டு மேட்ச் ஆடிவிட்டுப் போகிற பெண்ணையும் ஒன்றுமே ஆடாமல் போகிற பெண்ணையும் செலக்டருக்கு முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.